ஒற்றைக்கை ஸ்விங் ஆர்ம்: சேசிஸை வெட்டும் முன்

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 29 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், பட்டறை விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

சிங்கப்பூரில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அப்பாவோடு விவசாயம், கூடவே அறுவடை இயந்திர வாடகைத் தொழில். 2022இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 வைத்திருக்கிறார். சிங்கப்பூரில் பார்த்த டுகாட்டி வண்டிகளைப் போல, பின்சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் பிடித்திருக்கும் ஒற்றைக்கை ஸ்விங் ஆர்ம் பொருத்தி இதை மாற்றிக் கட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வெளியூர்ப் பட்டறை ஒன்றில் 2,40,000 ரூபாய்க்குப் பேசி, 90,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டார். பழைய உதிரிபாகக் கடையிலிருந்து ஆர்ம் வந்து இறங்கிவிட்டது. வண்டியின் பழைய ஆர்மும் பின்சக்கரமும் கழற்றப்பட்டிருக்கின்றன. இனி சேசிஸை வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும், அதற்கு முன் ஒரு லட்சம் அனுப்புங்கள் என்கிறது பட்டறை. “வேலை முடிந்ததும் ஆர்.சி.யில் ஏற்றித் தருவது எங்கள் பொறுப்பு” என்று வாட்ஸ்அப்பில் எழுதியும் தந்திருக்கிறார்கள்.

தை மாதம் இவருக்குக் கல்யாணம். மைத்துனர் ஆகப் போகிறவர், இது சட்டப்படி குற்றம் என்று சொல்லிக் கலக்கிவிட்டார். அப்பாவோ, “நம் பழைய சேத்தக் ஸ்கூட்டருக்கும் ஒரு பக்கம்தானே பிடிமானம்? அதில் நெல் மூட்டையே ஏற்றியிருக்கிறேன்” என்கிறாராம். வாசகரின் கேள்விகள்: ஆர்.சி.யில் ஸ்விங் ஆர்ம் என்று ஒரு வரியே இல்லாதபோது மாற்றினால் எப்படிக் குற்றம்? பிடித்தால் 5,000 ரூபாய் அபராதம்தானே? ஐந்து ஆண்டுக் காப்பீடு இருக்கிறதே, விபத்து நடந்தால் அது போதாதா? நிறுத்திவிட்டால் முன்பணம் திரும்புமா?

தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு நிம்மதி தந்த செய்தி ஒன்றுதான்: சேசிஸ் இன்னும் வெட்டப்படவில்லை. இதைப் படித்து முடித்ததும் பட்டறைக்கு முதல் வேலையாக ஒரு செய்தி அனுப்புங்கள்: “என் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் சேசிஸில் வெட்டவோ, துளையிடவோ, வெல்டிங் வைக்கவோ கூடாது.” அவர்கள் அதைப் படித்ததற்கு அடையாளம் வந்தபின் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

அப்பா சொன்னது பாதி சரி

உங்கள் அப்பா சொன்னதை ஒதுக்கிவிட மாட்டேன். பழைய பஜாஜ் சேத்தக், அதற்கு முன்னோடியான வெஸ்பா இரண்டிலும் சக்கரம் ஒரு பக்கமாகத்தான் தாங்கப்பட்டது. நட்டுகளைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு போனது அதனால்தான். பெரிய வண்டிகளில் பிஎம்டபிள்யூ 1980இல் ஆர்80 ஜி/எஸ் மாடலில் ஒற்றைக்கை ஆர்மைக் கொண்டுவந்தது. எல்ஃப் என்ற பிரெஞ்சு எண்ணெய் நிறுவனத்தின் பந்தய அணியோடு வேலை செய்த ஹோண்டா, 1987இல் விஎஃப்ஆர் 750ஆர் வண்டியில் அதைச் சாலைக்கு இறக்கியது. 1994இல் வந்த டுகாட்டி 916தான் உங்களைப் போன்ற பலருக்கு ஆசையை மூட்டிய வண்டி.

ஆனால் இவை எல்லாமே ஒற்றைக்கைக்கு என்றே தொழிற்சாலையில் வடிவமைக்கப்பட்டவை. சேத்தக்கில் எஞ்சினே அந்தக் கையின் ஒரு பகுதி. சேசிஸ், ஷாக் அப்சார்பர், சக்கரம் எல்லாம் அதற்கேற்பப் பிறந்தவை. உங்கள் இன்டர்செப்டர் அப்படிப்பட்டதல்ல. அதன் பின்புறம் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஷாக் அப்சார்பர் நிற்கிறது. ஒரு பக்கக் கையை எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்து ஷாக் அப்சார்பருக்குக் கால் ஊன்ற இடமில்லை. ஆகவே நடுவில் ஒற்றை ஷாக் அப்சார்பர் வைத்தாக வேண்டும். அதற்குச் சேசிஸின் நடுவே குறுக்குச் சட்டம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அந்த இடம் இவ்வளவு பாரத்தை வாங்குவதற்கென்று நிறுவனம் கணக்குப் போட்ட இடமே அல்ல. பட்டறைக்காரர் “ஆர்மை மாற்றுகிறோம்” என்று சொல்வதில் உண்மையில் மாறப்போவது வண்டியின் முதுகெலும்பு.

ஒற்றைக்கை இலகுவானது, அதனால் வண்டி நன்றாக ஓடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் நேர்மாறு. ஒரு பக்கமே வளைவையும் முறுக்கையும் தாங்க வேண்டியிருப்பதால் கை தடிப்பாகும், ஹப் பெரிதாகும், பேரிங் பெரிதாகும், எடை கூடும். நீண்டதூரப் பந்தயங்களில் சக்கரத்தைச் சட்டென்று மாற்ற உதவியது என்பதே அதன் பெரிய லாபம். அழகு வேறு கதை. அதை நானும் மறுக்கவில்லை. டுகாட்டியே தன் முதன்மைப் பந்தய வண்டியான பனிகாலே வி4க்கு 2025 மாடலில் இரட்டைக்கைக்குத் திரும்பிவிட்டது.

இன்னொன்று, நம் ஊர்ச் சாலை. வெண்ணாற்றுக் கரைச் சாலையில் டிராக்டர் கேஜ் வீல் கீறிய தடத்திலும், அறுவடைக் காலத்தில் பாதிச் சாலைக்குக் கொட்டிக் காயவைத்த நெல்லைச் சுற்றி வைத்த கல்லை ஒட்டியும் வண்டி ஓட்டுபவர் நீங்கள். பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும் அந்த ஒரே கையையும் அதன் ஒரே பெரிய நட்டையும் முறுக்கும். பழைய அலுமினிய ஆர்மை உங்கள் வண்டியின் அகலத்துக்கு அறுத்து ஆர்கான் வெல்டிங் வைத்தால், வெப்பம் பட்ட இடத்தில் உலோகம் தன் வலிமையில் கணிசமான பங்கை இழக்கும். முறையான வெப்பப் பதப்படுத்தல் செய்யாவிட்டால் அது திரும்பாது. விரிசல் முதல் நாளே வராது. பெயின்ட்டுக்கு அடியில் மெதுவாக வளரும். எந்தப் பதப்படுத்தல் செய்வீர்கள், விரிசல் சோதனை எங்கே செய்வீர்கள் என்று உங்கள் பட்டறையிடம் கேளுங்கள். அடுத்து, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் பின்சக்கரச் சென்சாரும் அதன் பல் வளையமும் எங்கே உட்காரும் என்று கேளுங்கள். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்துக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். உங்கள் வண்டி அந்த விதிக்கு உட்பட்டு விற்கப்பட்டது.

ஆர்.சி.யில் அந்த வரி இல்லை, ஆனால்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 சொல்வது இது: தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது. வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி அதன் கட்டமைப்பில் செய்யும் மாற்றமே “மாற்றம்” என்று அதே பிரிவு விளக்கமும் தருகிறது. ஸ்விங் ஆர்ம் என்ற சொல் ஆர்.சி.யில் இல்லை என்பது உண்மை. உங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள்: வீல்பேஸ் (இரு சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) மில்லிமீட்டரில் இருக்கும், சுமையில்லா எடை கிலோவில் இருக்கும், சேசிஸ் எண் இருக்கும். வேறொரு வண்டியின் ஆர்மை மாட்டியதும் முதல் இரண்டும் பெரும்பாலும் மாறிவிடும்; மூன்றாவது எண் பொறித்த சேசிஸையே நீங்கள் வெட்டுகிறீர்கள்.

2019 ஜனவரி 9 அன்று கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது, அப்படி மாற்றியதைப் பதிவும் செய்ய முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்கு முன் கேரள உயர் நீதிமன்றம் சற்றுத் தாராளமாகத் தந்த தீர்ப்பு அதோடு போயிற்று. எரிவாயுக் கிட், முன் அனுமதியுடன் எஞ்சின் மாற்றம், மாற்றுத்திறனாளிகளுக்கான மாற்றம் போன்ற சிலவற்றுக்குச் சட்டமே வழிவிட்டிருக்கிறது. ஒற்றைக்கை ஆர்ம் அந்தப் பட்டியலில் இல்லை. புனேயில் உள்ள ஏஆர்ஏஐ என்ற வாகன ஆராய்ச்சி நிறுவனம், ஒரகடத்தில் உள்ள சோதனை மையம் போன்றவை சான்று தருகின்றனவே என்று பட்டறை சொல்லலாம். அவை தயாரிப்பாளர் தரும் மாதிரி வண்டியைச் சோதித்து, அந்த ரகம் முழுவதற்கும் ஒப்புதல் தருபவை. பட்டறையில் கட்டிய உங்கள் ஒரு வண்டிக்கு அந்தக் கதவு நடைமுறையில் திறக்காது.

அப்படியானால் “ஆர்.சி.யில் ஏற்றித் தருகிறோம்” என்ற வாக்குறுதிக்கு இரண்டே அர்த்தம்தான். பணம் வாங்கிக்கொண்டு நாளைக் கடத்துவார்கள். அல்லது தரகர் மூலம் எதையாவது போலியாகச் செய்து உங்கள் கையில் திணிப்பார்கள். இரண்டாவது முதலாவதைவிட மோசம். போலி ஆவணத்தைத் தெரிந்தே பயன்படுத்தினால் வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

அபராதக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்

2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. நீங்கள் படித்த 5,000 அதில் நடுத்துண்டு. ஆர்ம், ஷாக் அப்சார்பர், சேசிஸ் என்று தனித்தனியே எண்ணவும் இடமுண்டு. சாலைக்கு ஒவ்வாத நிலையில் இருக்கும் வண்டியின் பதிவை இடைநிறுத்தப் பிரிவு 53 அதிகாரம் தருகிறது. நெடுஞ்சாலைச் சோதனையில் தப்பிக்கலாம். ஆனால் 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போது மன்னார்குடி அலுவலகத்திலோ திருவாரூரிலோ ஆய்வாளர் முன் நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

“எங்கள் வயல் பாதையில் மட்டும் ஓட்டிக்கொள்கிறேன்” என்றும் எழுதியிருந்தீர்கள். பதிவில்லாத வண்டியையும் பதிவு இடைநிறுத்தப்பட்ட வண்டியையும் பொது இடத்திலோ “வேறு எந்த இடத்திலோ” ஓட்டக் கூடாது என்பதே பிரிவு 39இன் வாசகம். சொந்த வரப்பு என்பதால் விலக்கு கிடைக்காது.

ஐந்து ஆண்டுக் காப்பீட்டின் உள்ளே என்ன இருக்கிறது

நான் வாழ்நாளில் பெரும்பகுதியை விபத்து வழக்குகளில் கழித்தவன். அதனால் இதை மட்டும் சற்று நீட்டிச் சொல்கிறேன்.

2018 செப்டம்பருக்குப் பிறகு புதிய இரு சக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டுக் காப்பீடு கட்டாயமானது மூன்றாம் நபர் பொறுப்புக்கு மட்டும். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் முதல் ஆண்டோடு முடிந்திருக்கும். ஆவணத்தின் முதல் பக்கத்தில் இரண்டு தேதிகள் தனித்தனியே அச்சிட்டிருக்கும், பாருங்கள். அதைப் புதுப்பித்திருந்தாலும், கட்டமைப்பு மாற்றத்தைத் தெரிவிக்காமல் மறைத்தால் சேதத் தொகையை மறுக்க நிறுவனத்துக்குக் காரணம் கிடைத்துவிடும்.

அதைவிட முக்கியமானது உங்கள் பின்னால் உட்காரப் போகிறவர். வெறும் மூன்றாம் நபர் காப்பீட்டில், பின்னால் உட்கார்ந்து வருபவருக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் 2006இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. முழுமைக் காப்பீடு இருந்தால்தான் அவருக்குப் பாதுகாப்பு. கல்யாணத்துக்கு முன் நீங்கள் செலவழிக்க வேண்டிய முதல் பணம் இதற்குத்தான்; ஆர்ம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

எதிரே வந்தவருக்குக் காயமோ உயிரிழப்போ நேர்ந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். போலீஸ் வண்டியைக் கைப்பற்றும். மோட்டார் வாகன ஆய்வாளர் ஸ்டேஷனுக்கு வந்து பிரேக், ஸ்டீயரிங், டயர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அறிக்கை எழுதுவார். அந்த அறிக்கையின் கடைசியில் வழக்கமாக ஒரு வரி வரும்: “இவ்விபத்து வாகனத்தின் இயந்திரக் கோளாறினால் ஏற்பட்டதல்ல.” வண்டி ஓட்டியவரைக் காப்பாற்றும் வரிகளில் அது ஒன்று; எவரும் கவனிக்காமல் கடந்துபோகும் வரியும் அதுதான். வெட்டி ஒட்டிய சேசிஸும் வேறு வண்டியின் ஆர்மும் உள்ள வண்டிக்கு எந்த ஆய்வாளர் அந்த வரியை எழுதுவார்? தவறு முழுக்க எதிர்த்தரப்பில் இருந்தாலும், குறுக்கு விசாரணை உங்கள் பின்சக்கரத்தில் வந்து நிற்கும். உயிரிழப்பு என்றால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106இன் கீழ் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக ஐந்து ஆண்டு வரை தண்டனைக்குரிய வழக்கு. அங்கே அந்த ஆர்ம்தான் அரசுத் தரப்பின் முதல் சான்றாக இருக்கும்.

இழப்பீட்டுப் பக்கம், வண்டி மாற்றப்பட்டது என்பது மட்டுமே காப்பீட்டு நிறுவனத்தை முழுக்க விடுவிக்கும் காரணமாகச் சட்டத்தில் பட்டியலிடப்படவில்லை. ஆனாலும் நிறுவனம் வாதாடும். பாதிக்கப்பட்டவரைக் கைவிடாமல், “முதலில் நிறுவனம் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்” என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது வேறு காரணங்களுக்காக வழக்கத்தில் உள்ளதுதான். உங்கள் வழக்கிலும் அந்த அபாயம் உண்டு. தீர்ப்பாயத் தொகையைக் கலெக்டருக்குச் சான்று அனுப்பி நிலவரி பாக்கி போல வசூலிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 174 வழி செய்கிறது. உங்கள் பெயரில் பட்டா உள்ள நஞ்சையை அப்போது நினைத்துக்கொள்வீர்கள்.

முன்பணத்தை எப்படிக் கேட்பது

இதில் சட்டம் உங்கள் பக்கம் முழுதாக இல்லை என்பதை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். சட்டம் தடுக்கும் வேலைக்கான ஒப்பந்தம், ஒப்பந்தச் சட்டம் 1872 பிரிவு 23இன்படி செல்லாது. இருவரும் தெரிந்தே செய்திருந்தால் நீதிமன்றம் ஒருவருக்காக இன்னொருவரிடம் வசூலித்துத் தராது. உங்களைக் காப்பது அந்த வாட்ஸ்அப் செய்தி. ஆர்.சி.யில் ஏற்றலாம், அதாவது இது சட்டப்படியானது என்று நம்பவைத்து அவர்கள் பணம் வாங்கியிருக்கிறார்கள். செல்லாது என்று பின்னர் தெரியவந்த ஒப்பந்தத்தில் பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் என்று பிரிவு 65 சொல்கிறது. நுகர்வோர் சட்டத்தின்படி அது தவறான உறுதிமொழியும்கூட. இந்த வாதம் நிற்க வேண்டுமானால், சட்டவிரோதம் என்று தெரிந்த இன்றிலிருந்து நீங்கள் ஒரு ரூபாய்கூட மேற்கொண்டு அனுப்பக் கூடாது.

முதல் குறி பணமல்ல, வண்டி. பழைய ஆர்ம், இரண்டு ஷாக் அப்சார்பர்கள், பின்சக்கரம், பிரேக் காலிப்பர், ஏபிஎஸ் சென்சார் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. நேரில் போய் ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். கழற்றிய உழைப்புக்கு நியாயமான கூலி பாக்கி இருந்தால், அது வரும்வரை வண்டியைப் பிடித்து வைக்கும் உரிமை ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 170இன்படி பட்டறைக்கு உண்டு. ஆனால் 90,000 ரூபாய் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கும்போது கூலி பாக்கி என்று சொல்வது கடினம். அப்படியும் முரண்டு பிடித்தால், சிறு தொகையை “ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியை மீட்டுவிடுங்கள். அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். வண்டியை லாரியில் ஏற்றி நிறுவனத்தின் சேவை மையத்துக்குக் கொண்டுபோய், பழைய பாகங்களைப் பொருத்தி, பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கி வந்த ஆர்மின் பில்லையும் கேளுங்கள். பில் இல்லாத இறக்குமதிப் பாகம் திருட்டு வண்டியிலிருந்து கழன்றதாகவும் இருக்கலாம். பில் இல்லையென்றால் அந்த ஆர்மை நீங்கள் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். அதைப் பட்டறையே வைத்துக்கொண்டு அதன் விலையைக் கணக்கில் கழிக்கட்டும்.

பிறகு வழக்கறிஞர் அறிவிப்பு, ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில். பதில் வராவிட்டால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பட்டறை வெளியூரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும். வாட்ஸ்அப் செய்திகளைச் சாட்சியமாக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் பிரிவு 63இன்படி சான்றிதழ் தேவைப்படும். ஆகவே அந்தப் போனை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். முழுத் தொகையும் திரும்பும் என்று சொல்ல மாட்டேன். ஐம்பது, அறுபதாயிரத்துக்குச் சமரசம் வந்தால் ஏற்றுக்கொள்வதே நல்லது என்பது என் எண்ணம். வழக்கை இழுத்துப் போவதில் உங்களுக்கும் சங்கடம் உண்டு. மாற்றச் சொன்னது நீங்கள்தானே.

ஆசை அப்படியே இருந்தால் இரண்டு வழி சொல்கிறேன். ஒற்றைக்கையுடனே தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டி: பிஎம்டபிள்யூ ஜிஎஸ் பெரிய ரகங்கள், ட்ரையம்ஃப் ஸ்பீட் ட்ரிபிள் போன்றவை. விலை அறுவடை இயந்திரத்தின் பக்கம் போகும், தெரியும். அல்லது, சாலைக்கே வராத காட்சி வண்டியாக ஒன்றைத் தனியே கட்டி, லாரியில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோவது. இன்டர்செப்டரை அதற்குப் பலியாக்காதீர்கள். சீட், விளக்கு, பெயின்ட் வேலைப்பாடு இவற்றில் அதை அழகாக்கலாம். நிறம் மாற்றினால் மட்டும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி ஆர்.சி.யில் திருத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் போய்ச் சேர்வதற்குள் பட்டறை சேசிஸை வெட்டிவிட்டிருந்தால் நிலைமை வேறு. அப்போது “மறுபடி ஒட்டித் தருகிறோம்” என்ற பேச்சுக்கு இணங்காதீர்கள். வெட்டிய இடத்தை அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, சேவை மையத்திடம் எழுத்துப்பூர்வ அறிக்கை வாங்கி, சேசிஸ் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ.விடம் முன் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு முழுவதையும் பட்டறையிடம் கோரலாம். அப்படியானால் படங்களோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.